‘தொடாதே, சூடு!’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

மழலையர் வகுப்புக்கு வரும் நாலு வயதுப் பிள்ளைகள் பலருக்குச் ‘சூடு’ என்பது ஒரு மிரட்டல். அடுப்பருகே போனால் “தொடாதே, சூடு!” அடம்பிடித்தால் “சூடு வைத்துவிடுவேன்!” (இரண்டாவதை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.) வெந்நீர், வெயில், காய்ச்சல் எல்லாம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எது எதைவிடச் சூடு என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

வகுப்பில் மூன்று கிண்ணங்கள் வைப்பேன்: ஐஸ் கட்டி போட்ட தண்ணீர், நடுவில் குழாய்த் தண்ணீர், அடுத்து வெதுவெதுப்பான நீர். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையை வெதுவெதுப்பிலும் சற்று வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுக்கிண்ணத்தில் விடச் சொல்வேன். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குச் சில்லென்றும் இருக்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் எழுதிவைத்த சோதனைதான். பெரியவர்கள் இதைச் செய்தால் திகைத்து நிற்பார்கள்; பிள்ளைகள் உடனே வாதாடத் தொடங்கிவிடுவார்கள். அந்த வாதம்தான் எனக்கு வேண்டும். அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் சொல் எடுத்துக்கொடுப்பதில்லை. “ஐஸ் கடிக்கிறது மிஸ்” என்றது ஒரு குழந்தை. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் டம்ளர்களை வரிசைப்படுத்துவோம். சில்லென்று இருப்பது, குளிர்ச்சி, வெதுவெதுப்பு, இளஞ்சூடு. “இதைவிட அது சூடு” என்று முழு வாக்கியமாகச் சொன்னால்தான் டம்ளரை நகர்த்தலாம். டவராவில் ஊற்றி ஆற்றும் ஆட்டமும் உண்டு. ‘ஆறவில்லை’, ‘ஆறுகிறது’, ‘ஆறிவிட்டது’ மூன்றும் தானாக வாயில் வந்துவிடும். கைவைக்கத் தயங்கும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம், டம்ளரின் வெளிப்புறத்தைத் தொட்டாலே போதும்.

இந்த விளையாட்டில் எதிலும் வெந்நீர் கிடையாது. குழந்தையின் தோல் மெல்லியது. 60 டிகிரி செல்சியஸ் நீர் சில விநாடிகளிலேயே அதைப் புண்ணாக்கிவிடும். வெதுவெதுப்பு நீர் உடல் சூட்டை ஒட்டி, 37, 38 டிகிரிக்குள் இருக்கட்டும். வீட்டில் அளக்க வசதியில்லையென்றால் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். ஆவி பறக்கும் எதையும் தொடாமல், பார்த்து மட்டும் பேசப் பழக்குங்கள்.

இந்தச் சொற்கள் பிடிபட்ட பிள்ளையிடம் காய்ச்சல் நேரத்தில் விசாரிப்பது எளிது. வெறும் அழுகைக்குப் பதில் “கை சில்லென்று இருக்கிறது, நெற்றி சுடுகிறது” என்று பதில் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காய்ச்சல் ஏறும்போது உடம்பு சுட்டாலும் பிள்ளை “குளிர்கிறது” என்றே சொல்லும். பொய் சொல்கிறது என்று அதட்டாதீர்கள். அதற்கு உண்மையாகவே குளிர்கிறது. போர்வைமேல் போர்வை போர்த்தும் முன் தெர்மாமீட்டரை வையுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் வந்தால் காய்ச்சல்தான். எண் படிக்கத் தெரிந்த பிள்ளையென்றால் அதையே படிக்கச் சொல்லுங்கள்.