புறவடித் தமனி: பாதத்துக்கு ஏது முதுகு?

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் பெரியம்மாவைக் கால் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். செவிலியர் அவர் பாதத்தை இழுத்து வைத்து, கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். புடைத்து நின்ற தசைநாணுக்குச் சற்று வெளிப்பக்கமாக இரண்டு விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "ஓடுது, நல்லா ஓடுது" என்றார். கிளம்பும்போது கொடுத்த தாளில் 'முதுகுப் பாதத் தமனித் துடிப்பு: உண்டு' என்று இருந்தது. ஆட்டோவில் ஏறியதும் பெரியம்மா கேட்டார்: "காலைத்தானே பாத்தாங்க, முதுகுல என்னடா?"

இது எனக்குப் புதிதல்ல. 'பாத முதுகுத் தமனி' என்றும் 'முதுகுப்புறப் பாத நாடி' என்றும் வெவ்வேறு வேடத்தில் பார்த்தாயிற்று. மூலம் லத்தீனில் உள்ள 'ஆர்ட்டீரியா டார்சாலிஸ் பீடிஸ்'. ஆர்ட்டீரியா என்றால் தமனி, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். டார்சம் என்றால் முதுகு, பீடிஸ் என்றால் பாதத்தின். அகராதியைப் புரட்டி இரண்டையும் ஒட்டியாகிவிட்டது, வேலை முடிந்தது.

ஆர்ட்டீரியா கிரேக்கச் சொல், முதலில் மூச்சுக்குழாயைக் குறித்தது. பிணத்தை அறுத்தால் இந்தக் குழாய்கள் வெறுமையாகக் கிடந்ததால், உள்ளே காற்று ஓடுவதாகப் பழைய மருத்துவர்கள் நினைத்தார்கள். நம் 'தமனி'யும் ஊதுதலைக் குறிக்கும் வடமொழி வேரில் பிறந்ததுதான். வடசொல் என்பதற்காக அதைத் துரத்தும் கூட்டத்தில் நான் இல்லை. பள்ளிப் பிள்ளைக்குத் தமனி, சிரை என்றால் புரிகிறது. இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம். அதுவும் நல்ல சோடிதான். ஆனால் தமிழ்நாட்டில் நாடி என்றால் துடிப்பு. 'நாடியில் நாடி இல்லை' என்று எழுத நேர்ந்தால் என்ன செய்வது?

சரி, முதுகுக்கு வருவோம். லத்தீன்காரன் பாதத்தின் மேல்பக்கத்தை முதுகு என்றது உளறல் இல்லை. கருவில் கால் மொட்டு விட்டு வளரும்போது உட்பக்கமாகத் திரும்புகிறது. அதனால்தான் முழங்கால் முன்னே பார்க்கிறது, கட்டைவிரல் உள்பக்கம் வருகிறது. முதலில் முதுகுப் பக்கமாக இருந்த பரப்பே திரும்பி முன்னே வந்து, பாதத்தில் மேலே நிற்கிறது. கைக்கும் நாக்குக்கும் மூக்குக்கும்கூட அவர்கள் டார்சம் என்றே சொல்வார்கள். லத்தீனில் அது பழகிய வழக்கு. தமிழில் முதுகு என்றால் தோளுக்குக் கீழே இடுப்புக்கு மேலே, அவ்வளவுதான். ஆமைக்கும் மாட்டுக்கும் உண்டு, பாதத்துக்குக் கிடையாது.

இதில் எரிச்சல் என்னவென்றால், இதே உருவகத்தில் தமிழ் எப்போதோ சொல் செய்து வைத்திருக்கிறது. புறம் என்றாலும் முதுகுதான். போரில் புறங்காட்டி ஓடுகிறவன் காட்டுவது முதுகை. முதுகுக்குப் பின்னால் பேசுவது புறங்கூறுதல். அந்தப் 'புறம்' கையில் ஏறி புறங்கை ஆயிற்று. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று கேட்கிற ஊரில், டார்சத்துக்குச் சொல் இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். பாதத்துக்கு அதேபோல் புறங்கால், புறவடி இரண்டும் உண்டு. அடியின் புறம் புறவடி.

நண்பர் ஒருவர் புறங்காலை ஏற்கவில்லை. "புறங்கால் பிடரியில் பட ஓடினான் என்கிறோமே, அங்கே அது குதிகால் இல்லையா?" என்றார். நியாயமான கேள்வி. மேல்பாதம் பிடரியில் படுமாறு யாராலும் ஓட முடியாது. ஆகவே நூலுக்கு இரண்டு பொருள் தராத புறவடியை எடுத்துக்கொள்கிறேன்: புறவடித் தமனி. 'மேற்பாதத் தமனி'யும் ஒரு போட்டியாளர். முதுகை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் உடற்கூற்றியலில் 'மேல்' என்பது தலைப்பக்கத்துக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்த சொல். அதை இங்கேயும் இழுத்தால் வேறொரு குழப்பம்.

ஒரு சொல்லைத் தனியாகப் பிடுங்கி மொழிபெயர்ப்பதுதான் நோய். காலின் தமனி ஒரே குழாய், ஊர் மாற மாறப் பெயர் மாறும் ஆறு மாதிரி. கவட்டிக்குக் கீழே தொடைத் தமனி. முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் இறங்கினால் வேறு பெயர். அங்கிருந்து பிரிந்த முன்கிளை கணுக்காலைத் தாண்டியதும் நம் புறவடித் தமனி. பின்கிளையை உள்கணுக்காலின் பின்னால் தொட்டுப் பார்க்கலாம். பின்குழியில் ஓடுவதை 'முழங்கால் தமனி' என்று எழுதிவிடுகிறார்கள். அதிலிருந்தே முழங்காலைச் சுற்றி ஐந்து கிளைகள் பிரிகின்றன, முழங்கால் தமனிகள் என்ற பெயருக்கு உரியவை அவைதான். தாய்க்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளை என்னவென்று கூப்பிடுவது? 'முழங்கால் பின்குழித் தமனி' நீளம்தான், ஆனால் இடம் தப்பாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அங்காதிபாதம் என்று உடற்கூற்றியலுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்று நமக்குக் கடினம். ஆனாலும் கேட்டவர்கள் முதுகைத் தடவிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போன வாரம் இன்னொரு கையேடு வந்தது. தொடைத் தமனியிலிருந்து பிரிந்து உள்ளே இறங்கும் பெருங்கிளைக்கு அதில் 'ஆழ்ந்த தொடைத் தமனி' என்று பெயர். ஆழ்ந்த என்று படித்ததுமே அடுத்த சொல் இரங்கலாக இருக்கும் என்று கண் தேடுகிறது. ஆழ்தொடைத் தமனி என்றால் போயிற்று, இரண்டு எழுத்துகூட மிச்சம்தான்.