"எமிஸ்ல காட்டல" என்று திருப்பி அனுப்பினால்: தொடக்கப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்திருக்க வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் தமிழ்நாட்டில் பல பெற்றோர் கேட்கும் பதில் இது: "எமிஸ்ல இன்னும் பழைய ஸ்கூல்லதான் காட்டுது. அங்க எடுத்துவிடச் சொல்லிட்டு வாங்க, சேர்த்துக்கிறோம்." பழைய பள்ளிக்குப் போனால், "பாக்கி ஃபீஸைக் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்." அதுவரை குழந்தை வீட்டில். கூலி வேலைக்குப் போகிற தாய்க்கு ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் சம்பளம்.

எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறை இணையத்தில் வைத்திருக்கும் மாணவர் பதிவேடு. குழந்தைக்கு ஓர் எண், அதன்கீழ் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பள்ளி. பதிவேட்டில் ஒரு மாற்றம் நிலுவையில் இருப்பதைக் காட்டி ஒரு குழந்தையை வாசலில் நிறுத்த எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்ப்பது

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5 சொல்வது நேரடியானது. குழந்தை வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால் பழைய பள்ளித் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். அது வரத் தாமதமானால், அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கட்டண பாக்கியை மாற்றுச் சான்றிதழில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியது.

ஒரு வரம்பு உண்டு. பிரிவு 5 தரும் உரிமை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மாறுவதற்குத்தான். ஒரு தனியார் பள்ளியிலிருந்து இன்னொரு தனியார் பள்ளிக்கு மாறும்போது இதைக் காட்டி வாதாடிப் பயனில்லை. 6 முதல் 14 வயது வரை, 8ஆம் வகுப்பு வரை என்பதும் நினைவிருக்கட்டும்.

வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே மறுத்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த பள்ளி, வகுப்பு, தெரிந்தால் பழைய எமிஸ் எண், "கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5(3)இன்படி மாற்றுச் சான்றிதழுக்குக் காத்திராமல் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்" என்ற ஒரு வரி. இரண்டு பிரதி. ஒன்றில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். தாள் ஒன்று கைக்கு வந்துவிட்டால், மறுக்கிறவர் காரணத்தையும் எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கும். பெரும்பாலும் அந்த இடத்திலேயே சேர்க்கை நடந்துவிடும்.

அடுத்தது எமிஸ். பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து குழந்தையைப் பொதுத் தொகுப்புக்கு விட வேண்டும்; 'காமன் பூல்' என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். அங்கிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். இது இரண்டு பள்ளிகளும் துறையும் தங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை. பெற்றோருக்கு அந்தத் தளத்தில் நுழைவே கிடையாது. நுழையவே முடியாத தளத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

இந்தக் கட்டத்தில் சில பள்ளிகள் ஒரு குறுக்குவழி பிடிக்கும்: பழைய பதிவை விட்டுவிட்டு, புதிதாகச் சேரும் குழந்தை என்று இன்னொரு எண் போட்டுவிடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு எண் ஆகிவிடும். பின்னாளில் எங்கே, எந்த வகுப்புப் படித்தது என்ற தொடர்ச்சி அறுந்துபோகும். கல்லூரியில் படிக்கும்போது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் பெறவும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் (முதல் இரண்டு திட்டங்களுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும்) படித்ததைக் காட்ட வேண்டும். 5ஆம் வகுப்பு முடித்து அரசுப் பள்ளிக்கு மாறும் குழந்தையின் பதிவு தனியார் பள்ளிக் கணக்கிலேயே ஒரு வருடம் கிடந்தால், அதன் விலை கல்லூரி வாசலில்தான் தெரியும். பழைய எண் தெரியவில்லை என்றால் முந்தைய மதிப்பெண் அட்டை, அடையாள அட்டை, பழைய மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றில் தேடுங்கள்.

பழைய பள்ளி விடவே மறுத்தால் யாரிடம் போவது என்பதில்தான் பலர் ஒரு வாரத்தைத் தொலைக்கிறார்கள். அரசு, உதவி பெறும் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். நர்சரி, மெட்ரிக் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). இந்தப் பதவி தனியாக இருக்கிறது. அலுவலகம் மாறிப் போனால் "எங்க லிமிட் இல்ல" என்று அனுப்பிவிடுவார்கள். போவதற்கு முன் 14417க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிடுங்கள். அது பள்ளிக் கல்வித் துறையின் கட்டணமில்லா எண். அசைவில்லை என்றால் 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புப் பிரிவு, எண் 1100.

பெயர் எழுத்து: இப்போதே சரி செய்யுங்கள்

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்துதான் தயாராகிறது. ஆகவே முதல் வகுப்பில் அவசரத்தில் தட்டச்சான பிழை பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை வரும். வழக்கமாகக் கெடுவது மூன்று இடங்களில். முதலெழுத்து (இனிஷியல்): எமிஸில் முன்னால், ஆதாரில் பின்னால். ஆங்கில எழுத்துக்கூட்டல்: ஒன்றில் ஓர் எழுத்து கூடுதல். பிறந்த தேதி: நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் பிறப்புச் சான்றிதழ், பிறகு ஆதார், கடைசியில் எமிஸ். மாற்றிச் செய்தால் ஒவ்வொன்றையும் மறுபடி திருத்த வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாத குடும்பங்கள் நிறைய. பிறந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வயது வரை சேர்க்கலாம். எமிஸில் ஏறும் செல்பேசி எண்ணையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.

ஆதார் இல்லை என்று மறுப்பது

கூடாது. 2018 செப்டம்பர் 26ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் மறுக்கக் கூடாது. அது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 14(2). "அட்மிஷன் முடிஞ்சிடுச்சு" என்ற பதிலுக்குப் பிரிவு 15 இருக்கிறது: கெடு கடந்து வந்தாலும் குழந்தையைச் சேர்க்க வேண்டும்.

அதே சமயம் ஆதார் வேலையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 5 வயதுக்குள் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது ஆனதும் கைரேகை, கருவிழிப் பதிவு கட்டாயம். 7 வயதுக்குள் செய்யாவிட்டால் எண் முடக்கப்படலாம். 5 முதல் 7 வயது வரை இதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2024 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆதார் பதிவு முகாம்கள் நடக்கின்றன. தலைமையாசிரியரிடம் அடுத்த முகாம் எப்போது என்று கேட்டுவைத்தால் தாலுகா அலுவலக வரிசையைத் தவிர்க்கலாம்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்

கல்வி உரிமைச் சட்டப்படி நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தரும் இடங்கள் இவை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும், கட்டணம் இல்லை. ஏமாறும் இடம் வருமான வரம்பு. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்பது 'நலிவடைந்த பிரிவினர்' என்று விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு இல்லை. இது தெரியாமல் வருமானச் சான்றுக்கு அலைந்து கெடுவைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். தெரிந்தவர்கள் சொல்லித் தருவதும் இல்லை.

எல்கேஜிக்கு ஜூலை 31இல் 3 வயது நிறைந்திருக்க வேண்டும், 4 நிறைந்திருக்கக் கூடாது. பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருப்பிடச் சான்றில் பழைய முகவரி இருந்தால் அந்தத் தூரக் கணக்கே தவறிப்போகும். விண்ணப்பம் திறக்கும் முன்பே முகவரியை மாற்றிவிடுங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். தளம் திணறும், பதிவேற்றிய சான்று மங்கலாக இருந்தால் திருத்த நேரம் இருக்காது.

படிக்க உதவும் தளங்கள்

பாடநூல்களை அரசின் பாடநூல் தளத்திலிருந்து பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கலாம். தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பருவம் என்பதால் வகுப்போடு பருவத்தையும் வழியையும் (தமிழா, ஆங்கிலமா) சரியாகத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் தாமதமானால் முதல் இரண்டு பாடத்தை மட்டும் அச்சிட்டால் போதும்.

புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடு வேலை செய்யவில்லை என்பது அடிக்கடி வரும் குறை. அந்தக் கோடைப் படிக்கும் தீக்ஷா என்ற கல்விச் செயலியை முதன்முறை திறக்கும்போது மாநிலப் பாடத்திட்டம், தமிழ்நாடு, வழி, வகுப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். சிபிஎஸ்இ என்று இருந்துவிட்டால் நம் புத்தகங்கள் தென்படாது. கோடு கசங்கியிருந்தால் அதன் கீழே அச்சாகியிருக்கும் 6 எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யலாம். காணொளியை வகுப்பு நேரத்தில் ஓட்ட முயலாதீர்கள். முந்தைய நாளே பதிவிறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத வகுப்பறையிலும் ஓடும். மாநிலத் துறையின் மணற்கேணி செயலியும் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கமும் இதே தேவைக்கு உதவும்.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) வகுப்பில் அரும்பு என்ற தொடக்க நிலையில் நிற்கும் குழந்தைக்குப் பாடநூலை விடச் சிறு கதைப் புத்தகம் கைகொடுக்கும். துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடந்தால் வெளியே எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாகக் கிடைக்கும். அவை திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டு வகுப்பில் கொடுக்க அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில மொழிபெயர்ப்புகளில் தமிழ் கரடுமுரடாக இருக்கும். முதலில் நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதல் வகுப்புப் பாட்டுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதி இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வரும் "மாணவர்களுக்கு இலவச லேப்டாப்", "உதவித்தொகை, உடனே பதிவு செய்க" இணைப்புகளைத் தொடாதீர்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு அரசு தரும் புத்தகமோ சீருடையோ அப்படி வருவதில்லை, பள்ளி வழியாகத்தான் வரும். எமிஸ் எண் எடுத்துத் தருவதாகச் சொல்லி இணைய மையங்கள் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். பள்ளியில் கேட்டாலே எழுதித் தருவார்கள்.