மணி பிளான்ட்டில் வெள்ளை மறைந்தால்

"அண்ணாச்சி, வாங்கும்போது பாதிக்குப் பாதி வெள்ளையா இருந்துச்சு. இப்போ முழுக்கப் பச்சையாயிட்டு. செடியை மாத்திக் குடுத்துட்டீங்களோ?"

பாளையங்கோட்டையில் நர்சரி வைத்திருக்கும் நான் அடிக்கடி கேட்கும் குறை இது. போன வாரம் ஒரு அக்கா தொட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். மார்பிள் குயீன் என்ற மணி பிளான்ட் வகை. செடி செழிப்பாகத்தான் இருந்தது.

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதனால் உணவு தயாரிக்க முடியாது. எங்காவது முழுப் பச்சையாக ஒரு கொடி கிளம்பிவிட்டால், அது வேகமாக வளர்ந்து வெள்ளைக் கொடிகளை அமுக்கிவிடும். செடி நன்றாக வருகிறதென்று சந்தோஷப்பட்டு அதை விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். வெள்ளை கலந்த கடைசி இலை வரை பின்னால் போய், அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். தண்டில் வெள்ளைக் கோடு ஓடும் கணுவாக இருந்தால் நல்லது, புதுத் துளிரிலும் பெரும்பாலும் வெள்ளை வரும். முழு வெள்ளைக் கொடியைத் தனியாக நடவேண்டாம், பிழைக்காது.

வெளிச்சம் குறைந்தாலும் வெள்ளை குறையும். அந்த அக்கா வீட்டில் செடி இருந்தது அடுக்களை மூலையில். கிழக்கு ஜன்னலோரம் போதும். அதற்காக மொட்டை மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள், நம்மூர் சித்திரை வெயிலில் முதலில் கருகுவது வெள்ளைப் பகுதிதான். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைவிட ஆற்றுத் தண்ணீர் நல்லது.

இதய இலை பிலோடென்ட்ரானையும் மணி பிளான்ட் என்றே விற்கிறார்கள். இலைக்காம்பைத் தடவிப் பாருங்கள். மணி பிளான்ட் காம்பில் பள்ளம் ஓடும், இலையும் தடிமன்.

பேச்சுவாக்கில், பேரன் தவழ ஆரம்பித்திருக்கிறான் என்றார் அந்த அக்கா. எனக்குப் பதறிவிட்டது. இந்த இரண்டு செடிகளும் சேனைக்கிழங்கின் குடும்பம்தான். சேனை நறுக்கும்போது கையை அரிக்கச் செய்யும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இந்த இலையிலும் உண்டு. குழந்தை கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், உதடு வீங்கலாம். வாயிலிருப்பதை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொஞ்சம் கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ உடனே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பச்சைக் கொடிகளை அங்கேயே வெட்டிக் கொடுத்தேன். உத்தரத்தில் தொங்கவிடக் கம்பித் தொட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டார். கொடி தரைவரை இறங்கினால் மறுபடி வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.