டோப்பிங்: ‘ஊக்கமருந்து’ என்ற சொல் எவ்வளவு தாங்கும்?

டச்சு மொழியில் ‘டோப்’ என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பு. தோய்த்தல் என்ற வினையிலிருந்து வந்த பெயர். டச்சுக் குடியேறிகளின் வாயிலாக அமெரிக்க ஆங்கிலத்துக்குள் நுழைந்த இந்தச் சொல், முதலில் கெட்டியான குழம்புக்கும் பசைக்கும் வழங்கியது; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகைப்பதற்காகக் காய்ச்சிய அபினிப் பாகுக்குப் பெயரானது. அங்கிருந்து குதிரைப் பந்தயத்துக்குத் தாவியது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பந்தயத் திடலில் குதிரையை வேகமாக ஓடவைக்கக் கொடுத்ததும் டோப்தான், தோற்கவேண்டிய குதிரையை மந்தமாக்கக் கொடுத்ததும் டோப்தான். மூலச்சொல்லில் ஊக்கம் என்ற பொருளே இல்லை.

இந்த டோப்பிலிருந்து வந்ததே விளையாட்டில் ‘டோப்பிங்’. அதற்குத் தமிழில் நாம் ‘ஊக்கமருந்து’ என்றோம். ‘ஊக்கு’ என்றால் உந்து, முனைப்பூட்டு. திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’ ஓர் அதிகாரம். பள்ளி வேதியியலில் ‘வினையூக்கி’ உண்டு. அழகான சொல், பிழையில்லாத சொல். ஆனால் அது ஒரு வகை மருந்துக்கு மட்டுமே பொருந்தும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மராத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு ஓட்டத்தின் நடுவே ஸ்ட்ரிக்னைனும் பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னைன் வேறொன்றுமில்லை, நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் நஞ்சுதான். நரம்பை முடுக்கிவிடும் பொருள் என்பதால் அதை ஊக்கி என்று தயங்காமல் சொல்லலாம். இன்றும் அது தடைப்பட்டியலில் இருக்கிறது.

சொல் தடுமாறுவது பளுதூக்குதலில். 1958இல் அமெரிக்காவில் ‘டையனபால்’ என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. இது அனபாலிக் ஸ்டீராய்டு. பாடநூல் வழக்கில் ‘வளர்மாற்ற ஸ்டீராய்டு’ எனலாம். மேடையேறும் நேரத்தில் விழுங்கினால் ஒரு கிலோகூடக் கூடாது. பயிற்சி நடக்கும் வாரங்களில் தசை புரதம் சேர்ப்பதைக் கூட்டுவதும், கடும் பயிற்சிக்குப் பின் உடல் சீக்கிரம் தேறச் செய்வதும்தான் அதன் வேலை. போட்டிக்கு முன்பே நிறுத்திவிட்டால் போட்டி நாள் சோதனையில் தப்ப வழியிருந்தது. அதனால்தான் முன்னறிவிப்பின்றி வீட்டுக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் வந்து மாதிரி எடுக்கும் முறை பிறந்தது.

அடுத்தது ஃப்யூரோஸமைடு. இது தசையையும் வளர்க்காது, நரம்பையும் முடுக்காது; சிறுநீர்பெருக்கி, அவ்வளவுதான். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பல்கேரியாவின் பளுதூக்குநர்கள் மிட்கோ கிராப்லெவ், ஆஞ்செல் கென்செவ் இருவரும் இதனால்தான் தங்கத்தை இழந்தார்கள். பல்கேரியப் பளுதூக்குதல் அணியே போட்டியிலிருந்து விலகியது. பளுதூக்குநர் இதை ஏன் தேடுகிறார்? எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு. உடலின் நீரை வெளியேற்றினால் கீழ் எடைப்பிரிவில் நுழையலாம். சிறுநீர் நீர்த்துப்போவதால் வேறு மருந்தின் தடயமும் மங்கும். ஆனால் நீரோடு பொட்டாசியமும் போகிறது. ஸ்னாட்சின் (பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் முறை) நடுவே தொடை சுளுக்கிப் பிடிப்பதும், அதைவிட மோசமாக, இதயத் துடிப்பு தடம்புரள்வதும் இதன் விளைவுகள். இதை ‘ஊக்க’மருந்து என்று எழுதும்போது வாசகருக்கு உண்மையில் நடந்தது தெரியாமலே போகிறது.

மருந்தே இல்லாத டோப்பிங்கும் உண்டு. தன் ரத்தத்தையே எடுத்துச் சேமித்துவைத்துப் பின்னர் ஏற்றிக்கொள்வது தடைசெய்யப்பட்ட ‘முறை’. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் (வாடா) விதித்தொகுப்பு டோப்பிங்கைப் பொருளாகவே வரையறுக்கவில்லை, விதிமீறலாக வரையறுக்கிறது. 2021 பதிப்பில் 11 வகை மீறல்கள். மாதிரி தர மறுப்பது, மாதிரியில் கைவைப்பது, இருப்பிடத் தகவல் தொடர்பாக 12 மாதங்களில் மூன்று முறை தவறுவது எல்லாமே அதில் அடக்கம்.

சோதனை அறையில் நடப்பதைப் பார்த்தால் இந்த வரையறை ஏன் இவ்வளவு விரிந்தது என்று புரியும். வீரர் தானே ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுக்கிறார். அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் நேருக்கு நேர் பார்த்திருக்கச் சிறுநீர் தருகிறார். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும்: ‘பி’ குப்பியில் 30, ‘ஏ’ குப்பியில் 60. மூடி ஒருமுறை திருகி இறுகிவிட்டால் ஆய்வகத்தில்தான் திறக்க முடியும். எடை குறைக்க வற்றிக் கிடந்தவர் அவசரமாக லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போகும். ஏற்காமல் மறுபடி தரச் சொல்வார்கள். இரவு நெடுநேரம் காத்திருக்க நேரும்.

ஆகவே எங்கள் பரிந்துரை: பொருளுக்கு ‘ஊக்கமருந்து’ இருக்கட்டும், வேரூன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம். குற்றத்துக்கு ‘ஊக்கமருந்து முறைகேடு’ என்று எழுதுங்கள். செய்தியில் எந்த வகை என்பதையும் சேர்த்தால் இன்னும் நல்லது: ஊக்கி, வளர்மாற்ற ஸ்டீராய்டு, சிறுநீர்பெருக்கி, ரத்தமேற்றல். ‘போதைமருந்து’ மட்டும் கூடவே கூடாது. கொக்கெய்ன் போன்ற சில பொருள்கள் தடைப்பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் ஸ்டீராய்டுக்கோ சிறுநீர்பெருக்கிக்கோ மாட்டியவரைப் போதைக்காரர் என்று எழுதுவது அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் செய்யும் அநீதி.

முறைகேடு என்ற சொல் ஏமாற்றப்பட்டவரையும் நினைவில் நிறுத்துகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் பளுதூக்குதல் 94 கிலோ பிரிவில் வென்றவர் கஜகஸ்தானின் இல்யா இல்யின். சேமித்துவைத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்து, நீண்டநாள் தங்கும் ஸ்டீராய்டுத் தடயங்களைக் காணும் புதிய முறையில் மறுபடி சோதித்தபோது முதலிடங்கள் வரிசையாகச் சரிந்தன. அன்று ஐந்தாம் இடத்தில் முடித்து வெறுங்கையோடு அரங்கைவிட்டுப் போன ஈரானின் சயீத் முகமதுபூருக்குத் தங்கம் வந்தது; எட்டாம், ஒன்பதாம் இடத்தவர்களுக்கு வெள்ளியும் வெண்கலமும்.