தாம்பரம் வேறு, தாம்பரத்தில் வேறா?

போன மாதம் வாடகை வீடு தேடி ஒரு தளத்தில் ‘தாம்பரம்’ என்று தட்டினேன். ஒன்றும் இல்லை என்றது. அதே தளத்தில் ‘தாம்பரத்தில் மாடி போர்ஷன்’ என்ற விளம்பரம் இருந்ததை நண்பர் லிங்க் அனுப்பிக் காட்டினார்.

நாம் தட்டியதும் தேடுபொறி ஒவ்வொரு விளம்பரமாகத் திறந்து படிப்பதில்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் சொற்களாக நறுக்கி, எந்தச் சொல் எங்கே என்று பட்டியல் போட்டு வைத்திருக்கும், புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. தேடுவது அந்தப் பட்டியலில்தான்.

இடைவெளி வந்த இடத்தில் வெட்டினால் போதாதா? காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் ‘எழுத்து வரும்வரை சொல், எழுத்தல்லாதது வந்தால் வெட்டு’ என்று விதி வைக்கிறார்கள். தமிழ் அடிபடுவது இங்கேதான். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ‘தா’ என்பது ‘த’ ஒன்று, ‘ா’ என்ற கால் ஒன்று. ‘ம்’ என்பது ‘ம’, அப்புறம் புள்ளி. நாம் 5 எழுத்தாக எண்ணும் ‘தாம்பரம்’ கணினிக்கு 8 குறியீடுகள். அதில் காலும் புள்ளிகளும் எழுத்து வகையில் சேராது, அவை ஒட்டுக்குறிகள். பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும், எழுத்துத் தொடர்களை விதி வைத்துத் தேடும் ரெஜெக்ஸ் இவற்றைச் சொல்லுக்கு வெளியே தள்ளிவிடும். அதை நம்பி நறுக்கினால் மிஞ்சுவது த, ம, பரம. ஊரே காணாமல் போகிறது! தமிழ் கடினம் என்று இதற்குக் காரணம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒட்டுக்குறியை முன்னெழுத்தோடு விடு என்று யூனிகோடின் சொல்லெல்லை விதியே சொல்கிறது.

சரி, அதைப் பின்பற்றியிருந்தாலும் என் வீடு கிடைத்திருக்காது. ‘தாம்பரத்தில்’ என்பதற்குள் ‘தாம்பரம்’ இல்லை. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டது. ‘த்தில்’, ‘த்துக்கு’, ‘த்திலிருந்து’ என்று முடிந்தால் அதைக் கழித்து ‘ம்’ சேர் என்று விதி எழுதலாம். பல்லாவரத்துக்கு என்பது பல்லாவரம் ஆகும். ஆனால் ‘எழுத்தில்’ என்பது ‘எழும்’ ஆகிவிடுமே! அதனால் அகராதியையும் பக்கத்தில் வைத்து, ‘எழுத்து’ அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெட்ட வேண்டும். குரோம்பேட்டை, சேலையூர் போன்ற ஊர்ப்பெயர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பட்டியல் போடும்போது வெட்டிய அதே விதியில்தான் நாம் தட்டும் சொல்லையும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

அன்று ‘தாம்பரத்தில்’ என்று தட்டிப் பார்த்தேன். மாடி போர்ஷன் வந்தது. ‘தாம்பரத்துல வீடு வாடகைக்கு’ என்று பேசுகிற மாதிரியே எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விதி வேண்டும்.