துண்டு விழும் 11 நாள்

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். பன்னிரண்டு மாதத்தைக் கூட்டினால் 354 நாளும் கொஞ்சமும் வரும். பருவங்கள் ஒரு சுற்று வர 365.24 நாள் வேண்டும். ஏறத்தாழ 11 நாள் துண்டு விழுகிறது. அதை என்ன செய்வது என்பதில்தான் நாட்காட்டிகள் வழி பிரிகின்றன.

இஸ்லாமிய நாட்காட்டி அதை ஈடுகட்டுவதே இல்லை. அதனால் ரமலான் ஆண்டுக்குப் 11 நாள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் எல்லாப் பருவங்களையும் பார்த்துவிடுகிறது. பாபிலோனியர்கள் 19 ஆண்டுகளில் 7 மாதங்களைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். யூதர்கள் இன்றும் இதே கணக்குதான். 19 ஆண்டு என்பது 6939.60 நாள், 235 சந்திர மாதம் 6939.69 நாள். இடைவெளி இரண்டு மணி நேரம்தான்!

தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களின் விதி எனக்கு இன்னும் பிடிக்கும். சூரியன் ராசி மாறாமலேயே ஒரு சந்திர மாதம் கழிந்துவிட்டால் அது அதிக மாதம், அதாவது கூடுதல் மாதம். 2023இல் ஜூலை 17, ஆகஸ்ட் 16 என இரண்டு அமாவாசைகளும் சூரியன் கடகத்தில் இருக்கும்போதே வந்தன. உடனே சிராவணம் என்ற சந்திர மாதத்துக்கு முன்னால் ஒரு அதிக சிராவணம். தமிழ் மாதம் சூரியனை ஒட்டியது என்பதால் நமக்குக் கூடுதல் மாதம் வரவில்லை. ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது, அவ்வளவுதான்.

திதியும் இப்படிப்பட்டதுதான். சூரியனைவிட நிலவு 12 பாகை முன்னேறினால் ஒரு திதி முடிந்தது. நிலவின் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகே வரும்போது வேகமாக ஓடும், விலகும்போது மெதுவாகப் போகும். ஆகவே ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் இழுக்கலாம். சில நாட்களில் ஒரு திதி சூரியோதயத்தையே தொடாமல் போய்விடுவது இதனால்தான்.

சரி, நிலவு திரும்பத் திரும்ப வருவதால் காலமும் வட்டமா? கிழக்குக்கு வட்டக் காலம், மேற்குக்கு நேர்கோட்டுக் காலம் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உலகம் தீயில் அழிந்து அப்படியே மறுபடி தொடங்கும் என்றவர்கள் கிரேக்க ஸ்டோயிக் தத்துவவாதிகள். இங்கோ, யுகங்கள் சுழல்வதாகச் சொன்ன சித்தாந்த (பழைய இந்திய வானியல் நூல்) மரபின் வானியலாளர்கள், கி.மு. 3102இல் கலியுகம் பிறந்த நாளிலிருந்து நாட்களை ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே வந்தார்கள். அகர்கணம் என்ற அந்த எண்ணிக்கை கையில் இருந்தால்தான் கிரகநிலையையே கணிக்க முடியும். பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுப் பெயர்களும் சுழல்வதால், அங்கும் நேர்கோட்டு எண்ணிக்கை தேவை: எந்தப் பிரபவ என்று கேட்டால் பெயர் மட்டும் பதில் சொல்லாது.

நேர்கோடு என நாம் நினைக்கும் கிரிகோரியன் நாட்காட்டிக்குள்ளும் ஒரு சக்கரம் உண்டு. 400 ஆண்டு என்பது 1,46,097 நாள், மிச்சமில்லாமல் 20,871 வாரம். 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. 2400 ஜனவரி 1ம் சனிக்கிழமைதான்.

அப்புறம் நிலவே ஆண்டுக்கு 3.8 செ.மீ. நம்மைவிட்டு விலகிப் போகிறது. சந்திர மாதம் நீள்கிறது, பூமியின் சுழற்சியும் மந்தமாகிறது. 19 ஆண்டுக் கணக்கில் பார்த்த அந்த இரண்டு மணி நேர நெருக்கமும் எப்போதைக்குமானது அல்ல.