ஆணை போட்டால் ஊர் ஏன் கேட்கிறது?

பெரும்போகம் தொடங்க முன்னம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரிய குளங்களுக்கு ஆரம்பக் கூட்டம் நடக்கும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், சேனாநாயக்க சமுத்திரம் என்று எந்தக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறீர்களோ, அந்தக் குளத்து விவசாயிகளும் நீர்ப்பாசனத் திணைக்களத்து ஆக்களும் கமநல சேவை உத்தியோகத்தர்களும் மாவட்டச் செயலாளர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் கூடுவார்கள். வாக்குவாதம் வரும், போன வருசத்துக் கணக்கெல்லாம் வெளியே வரும், கடைசியில் நாலைந்து திகதிகள் தீர்மானமாகும். முதல் தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, எத்தனை மாத நெல்லுப் போடுவது, மாடுகளை எந்தத் திகதிக்குள் மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவது. இந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு உண்டு, மீறினால் வழக்கும் வரலாம்.

ஆனால் பெரும்பாலான ஆக்கள் வழக்குக்குப் பயந்து இதைக் கேட்பதில்லை. நீங்கள் மட்டும் முந்தி விதைத்தால் ஊர் மாடு முழுவதும் உங்கள் வயலில்தான் வாய் வைக்கும். நீங்கள் மட்டும் பிந்தி விதைத்தால் மற்ற வயல்களில் இருந்த பூச்சியும் குருவியும் அறுவடைக்குப் பிறகு உங்கள் கதிருக்கு வரும், வாய்க்காலில் தண்ணீரும் நின்றுவிடும். எல்லாரும் ஒரே நேரம் செய்தால் இந்தச் சேதம் எல்லாருக்குமாகப் பங்கிடப்பட்டுக் குறைந்துபோகும். மாட்டுக்காரருக்கும் அப்படித்தான், எல்லாரும் பட்டியைக் கொண்டுபோகிற நாளில் தன் மாடு மட்டும் வயலோரம் நின்றால் பழி முழுவதும் அவர் தலையில் விழும். ஆகவே கூட்டத்தில் தேவைப்படுவது மிரட்டல் அல்ல, ஒரு திகதி. அதுவும் எனக்குத் தெரிந்தால் போதாது, உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டும், எனக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் இதைக் கடிதமாக வீட்டுக்கு வீடு அனுப்பினால் இதே பலன் வராது. எல்லாரும் ஒரே இடத்தில் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்கும்போதுதான் அந்தத் திகதிக்கு உயிர் வருகிறது.

‘எல்லாருக்கும் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும்’ என்ற இந்த நிலையைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் ரொபர்ட் ஓமன். 1976இல் எழுதினார், 2005இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். இதற்குச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் சுவீடன். 1967 செப்டெம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அந்த நாடு முழுவதும் வீதியின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. அன்று காலை யாரும் பழைய பக்கத்தில் ஓட ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள், எதிரே வருபவன் மாறிவிட்டான் என்று தெரிந்த பிறகு உயிர் மேல் ஆசை உள்ள எவனும் மாறத்தான் வேண்டும்.

சரி, இது சுலபமான வகை. கஷ்டமான வகை எதுவென்றால், ஆணையைக் கேட்டால் ஆருக்கோ நட்டம் வருகிற இடம். மன்னர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதில் ஆகக் கூடுதலாக யோசித்தவர் என்று நான் நினைப்பது அசோகரை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில், கலிங்கப் போரில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டார்கள் என்று தன் வாயாலேயே பாறையில் எழுதிவைத்த மன்னர் அவர். வென்ற கதையை எழுதாமல் வருத்தத்தை எழுதியதே பெரிய விசயம், ஆனால் நான் பார்க்கச் சொல்வது அவருடைய ஏற்பாட்டை. தம்மம் என்று அவர் சொன்ன நல்லொழுக்கம் பற்றிய ஒரே செய்தியைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டினார், ஊருக்கு ஊர் எழுத்தையும் மொழியையும் மாற்றினார். இந்தியாவின் பெரும்பகுதியில் பிராமி, வடமேற்கில் கரோஷ்டி, இன்றைய ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் கிரேக்கமும் அரமாயிக்கும். பெரும்பாலான சனத்துக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். கலிங்கத்து அதிகாரிகளுக்கென்று தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டிய ஆணைகளில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை திஷ்ய நட்சத்திரத்தன்று, அதாவது பூசத்தன்று, இதைக் கேட்க வைக்க வேண்டும் என்று இருக்கிறது. இடைப்பட்ட நாட்களிலும் கேட்கலாம், ஒரே ஒரு ஆள் வந்தாலும் அவரும் கேட்கலாம் என்றும் இருக்கிறது. கல் ஆணையின் பிரதி மட்டுந்தான், ஆணை நடந்தது பூசத்தன்று கூடிய கூட்டத்தில்.

அதோடு நிற்கவில்லை. அதிகாரிகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் போக வேண்டும் என்றார், பட்டம் சூட்டி 13 வருடம் ஆனபோது இதற்கென்றே தம்ம மகாமாத்திரர் என்ற புதுப் பதவியை உண்டாக்கினார். தன் வீட்டிலிருந்தே தொடங்கியும் காட்டினார். முன்பு அரண்மனை அடுக்களையில் கறிக்காக நாளுக்கு இலட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில், ஒரு மான், மானும் எப்போதும் இல்லை, இனி இந்த மூன்றும் இல்லை என்று முதலாம் பாறை ஆணை சொல்கிறது. இலட்சம் என்பது மிகைதான், ஆனால் ‘இரண்டு மயில், ஒரு மான்’ என்று மிச்சத்தை எண்ணிக் கணக்குக் காட்டுகிற அந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடும். தான் செய்யாததை அவர் ஊரிடம் கேட்கவில்லை.

பட்டம் சூட்டி 27 வருடத்துக்குப் பிறகு வெட்டிய ஏழாம் தூண் ஆணையில் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறார். தம்மத்தை இரண்டு வழியில் வளர்த்தேன், ஒன்று விதி போட்டு, மற்றது எடுத்துச் சொல்லி மனதை மாற்றி, இதில் விதியால் கிடைத்தது கொஞ்சம், மனமாற்றத்தால் கிடைத்ததே அதிகம் என்கிறார். உயிர்களைக் கொல்லக்கூடாது என்று பட்டியல் போட்டு விதி செய்தவரே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஆட்சி முழுவதும் ஆணை போட்ட ஒரு மன்னர் அந்த ஆணைகளின் பலனை அளந்து, குறைவு என்று அதே கல்லில் எழுதியதற்கு இணையாக வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு அந்த எழுத்தை வாசிக்க ஆளில்லாமல் போனது வேறு கதை. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் எழுத்துக்களைக் கண்டுபிடித்து வாசித்தார், ஆணைகளில் வரும் பியதசி என்ற மன்னர் அசோகர்தான் என்று தீபவம்சம் என்ற பழைய பாளி நூலை வைத்துக் காட்டியவர் இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த ஜோர்ஜ் டேர்னர்.

மன்னருக்கு இன்னொரு தலையிடி அவருடைய சொந்த அதிகாரிகள். அம்பாறைக்கு மேற்கே மகியங்கனைப் பக்கம் சொரபொர குளத்தடியில் இருந்த, இப்போது பதுளைத் தூண் கல்வெட்டு என்று சொல்லப்படுகிற, 10ஆம் நூற்றாண்டுத் தூணைப் பாருங்கள். உதய மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது ஹோபிட்டிகமச் சந்தை வியாபாரிகளும் ஊராரும் முறைப்பாடு செய்தார்கள், முன்னைய மன்னர் போட்ட விதிகளை அதிகாரிகள் மீறி எங்களிடம் அநியாயமாக வாங்குகிறார்கள் என்று. அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த ஆணை. ஊர் வழியாகச் சும்மா போகிற சாமானுக்கு வரி எடுக்கக்கூடாது, அங்கீகாரம் இல்லாத நிறைகளைப் பாவிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகப் போகிறது. சந்தையடியில் கல் நின்றால் அதிகாரி காசு கேட்கும்போது வியாபாரி விரலை நீட்டிக் காட்டலாம். ஆகவே ஆணை சனத்தைக் கட்டுப்படுத்தத்தான் வருகிறது என்று நினைப்பது பாதி உண்மை, பல சமயம் அது சனம் கையில் பிடித்துக்கொள்ள மன்னர் கொடுத்த கடுதாசி.

அதே காலத்துக் கிராமத் தூண்கள் பலவற்றில் அரச ஊழியர் இந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று எழுதிப் பக்கத்தில் சூரியன், சந்திரன், காகம், நாய் செதுக்கியிருப்பார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை நிற்கும், மீறினால் காகமாகவும் நாயாகவும் பிறப்பாய். எங்கள் திருக்கோவில் ஊரில், விசயபாகு தேவர் பெயரில் உள்ள தமிழ்க் கல்வெட்டும் கோயிலுக்குக் கொடுத்த தர்மத்துக்குக் கெடுதி செய்பவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடிகிறது. பொலிஸ் இல்லாத நாட்டில் மீறியவனைப் பிடிக்க ஆள் போட முடியாது, அதனால் அவனுடைய மனச்சாட்சியிலேயே காவல் வைத்தார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கும் காகமும் நாயும் விளங்கும். பொலன்னறுவையில் நிசங்கமல்ல மன்னன் (1187–1196) வேறு விதமாக யோசித்தான். ஓலையில் எழுதிய மானியங்களைக் கறையானும் எலியும் தின்றுவிடுகின்றன, இனிச் செப்பேட்டில் எழுதுங்கள் என்று ஏற்பாடு செய்ததாகத் தன் கல்வெட்டுக்களில் பெருமையாகச் சொல்கிறான். சேனைப் பயிர் வரியை நீக்கினேன் என்றும் சொல்கிறான், வரியை நீக்குகிற ஆணைக்கு ஊரில் எதிர்ப்பு வருமா என்ன?

தோற்ற ஆணைகளில் பெரியது உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் 301இல் போட்ட விலைக் கட்டுப்பாடு. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பொருட்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை, முடி வெட்ட ஆளுக்கு 2 தினாரி, எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பிள்ளைக்கு மாதம் 50 தினாரி, மீறினால் மரண தண்டனை. சாமான்கள் சந்தையிலிருந்து மறைந்தன, அற்ப விலைக்காக இரத்தம் சிந்தியது, கடைசியில் சட்டமே கைவிடப்பட்டது என்று அந்தக் காலத்து எழுத்தாளர் லக்டான்சியஸ் எழுதினார். அவர் பேரரசனின் எதிரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார், ஆனாலும் விலை ஏறியதற்குப் பெரிய காரணம் நாணயத்தில் வெள்ளி குறைந்துகொண்டே போனதுதான், அதை விட்டுவிட்டு வியாபாரியின் பேராசையைத் தண்டிக்கப் போனால் வேறென்ன நடக்கும்.

சீனாவில் ஒரே அரச வம்சத்தின் இரண்டு ஆணைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மஞ்சு அரசு 1645இல், ஆண்கள் எல்லாரும் நெற்றிப் பக்கம் மழித்துப் பின்னல் விட வேண்டும், இல்லையென்றால் தலை போகும் என்றது. கொடுமையான ஆணை, எதிர்த்த ஊர்களில் படுகொலை நடந்தது, ஆனால் நிலைத்துவிட்டது. அதே அரசு 1660களில் பெண்பிள்ளைகளின் பாதத்தைக் கட்டிச் சிறுக்க வைக்கும் வழக்கத்தைத் தடை செய்தது, 1668இல் தடையைத் தானே திரும்பப் பெற்றது. தலை தெருவில் தெரிகிறது, பாதம் வீட்டுக்குள்ளே தாயின் கையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், பாதம் கட்டாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். தனியாக ஒரு தாய் விட்டுவிட்டால் அவள் மகள்தான் நட்டப்படுவாள்.

இங்கே நமது பக்கத்துக்கு வருவோம். 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. அது கொழும்பிலிருந்து புது விதி எதையும் இறக்கவில்லை. விவசாயிகளைக் கூட்டி, தண்ணீர் பங்கிட, வேலி கட்ட உங்கள் பழைய வழக்கம் என்ன என்று கேட்டு, அதையே எழுதி வலுக்கொடுத்தது. வட்டை வட்டையாக வயலைப் பார்க்க வட்டவிதானை ஏற்கனவே இருந்தார். மட்டக்களப்பில் அது நன்றாகப் பிடித்துக்கொண்டது, இறக்காமம், அம்பாறைக் குளங்களும் அந்தக் காலத்தில் திருத்தப்பட்டன.

இருபது வருடத்துக்குப் பிறகு, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. திருமண, மரபுரிமைச் சட்டம் அது, மட்டக்களப்பின் பழைய வழக்கச் சட்டமான முக்குவச் சட்டத்தை முடித்துவைத்தது. அதுவரை ஆணின் முதுசம் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் தாய்வழி முறை இருந்தது. செத்தவரின் காணி ஆருக்கு என்பது நீதிமன்றத்துக்கு வருகிற விசயம், ஆகவே அந்தப் பகுதியைச் சட்டத்தால் பிடிக்க முடிந்தது, சகோதரி பிள்ளைகளின் உரிமை போய்விட்டது. ஆனால் வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் போகவில்லை. அது பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, கலியாணத்தை ஒட்டி நொத்தாரிசிடம் போய் எழுதும் உறுதி, அதை எந்தச் சட்டமும் தொடவில்லை. அந்தக் கட்டளைச் சட்டத்துக்குள் வராத முஸ்லிம்களிடையேயும், காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வீடு மகளுக்குத்தான்.

இந்த வழக்கத்தில் பெண்ணுக்குப் பெரிய பலம் இருக்கிறது, அவள் சொந்த வீட்டில், தன் தாய் சகோதரிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிறாள். ஆனால் மூன்று மகள்மார் உள்ள ஒரு மீனவனோ வயல் கூலிக்காரனோ மூன்று வீடு கட்டி முடிக்க மத்திய கிழக்கு வரைக்கும் போய் உழைத்துத் தேய்வதையும் பார்க்கிறோம். சீதன வீட்டைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சீனத்துக் கதையின் மிச்சத்தைச் சொல்வேன். அரசு தோற்ற இடத்தில் 1870களிலிருந்து கிளம்பிய சங்கங்கள் வென்றன. அவற்றில் சேர்ந்த குடும்பங்கள் இரண்டு உறுதிமொழி கொடுத்தன, மகளின் பாதத்தைக் கட்ட மாட்டோம், பாதம் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்க மாட்டோம். இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது, ஏனென்றால் கட்டாத பெண்களுக்கு மாப்பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அதுதான் பதில். ஆயிரம் வருடம் வரை பழைய அந்த வழக்கம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் கரைந்துபோனது. இங்கேயும் பெண்ணைப் பெற்றவர்களை மட்டும் கூப்பிட்டு அறிவுரை சொல்வதில் பயன் கிடையாது. கோயில் நிருவாகசபையோ பள்ளிவாசல் நிருவாகசபையோ ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களைக் கூட்டி, ஒருவர் முன்னால் ஒருவரை வைத்து, வீடு கேட்க மாட்டோம் என்று சொல்ல வைக்க வேண்டும்.